வெளியேறச் சொன்னால் என்ன செய்வது?

முதுமலையில் 321 சதுர கிலோமீட்டர் காட்டை, புலிகளின் முக்கிய வாழ்விடமாக அரசு 2007 டிசம்பரில் அறிவித்தது. அதே மாதம் 31-ம் தேதி வன உரிமைச் சட்டமும் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. புலிக்கு இடம் உடனே கிடைத்தது. அங்கு வாழும் பழங்குடியினரான காட்டுநாயக்கருக்கும் பணியருக்கும் இருளருக்கும் உரிமைப் பட்டா எளிதில் கிடைக்கவில்லை. நீதிமன்ற அனுமதியின்றிப் பட்டா வழங்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2008-ல் இடைக்கால உத்தரவிட்டது. 2016-ல்தான் அந்தத் தடை விலகியது.

புலியைக் காப்பது அரசின் கடமை. அந்தக் கடமையைச் சொல்லி ஒரு குடும்பத்தை விரட்ட எந்த அதிகாரிக்கும் உரிமையில்லை.

வன உரிமைச் சட்டத்தின் 4(5) பிரிவு தெளிவானது: உரிமைக் கோரிக்கையைச் சரிபார்த்து முடிக்கும்வரை வனவாசிகள் யாரையும் வெளியேற்றக் கூடாது. புலிகள் காப்பகத்திலிருந்து இடம்பெயர்க்க, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கிராம சபையும் பாதிக்கப்படும் மக்களும் விவரம் அறிந்து சம்மதிக்க வேண்டும்.

ஆபத்து அந்தச் சம்மதத்தில்தான் இருக்கிறது. இடம்பெயரும் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாயாக இருந்த உதவித்தொகை 2021-ல் 15 லட்சமானது. படிக்கத் தெரியாதவரிடம் இந்தத் தொகையை மட்டும் சொல்லிக் கைநாட்டு வாங்கினால், அது சம்மதம் ஆகாது. தாளில் எழுதியிருப்பதைக் கிராம சபையில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்; நகல் கேட்டு வாங்குங்கள்.

கிராம சபைக்கு எவ்வளவு வலு உண்டு என்பதை ஒடிசாவின் நியாம்கிரி காட்டியது. பாக்சைட் சுரங்கம் குறித்து கிராம சபைகளே முடிவெடுக்கட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் சொன்னது. கூடிய 12 சபைகளும் மறுத்தன, சுரங்கம் வரவில்லை.

உரிமை கோர, கிராம சபையின் வன உரிமைக் குழுவிடம் மனு கொடுக்க வேண்டும். இரண்டு சான்றுகள் போதும். அரசு ஆவணம் இல்லையென்றால் ஊர்ப் பெரியவரின் எழுத்து வாக்குமூலம், மூதாதையர் புதைகாடு, கோயில், பழைய கிணறு ஆகியவற்றைக் காட்டலாம். பழங்குடியினர் அல்லாத மவுண்டாடன் செட்டி போன்றோர் 75 ஆண்டுகளாக அங்கே வாழ்ந்ததை நிறுவ வேண்டும்.

மனுவை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கிராம சபையின் முடிவை எதிர்த்து 60 நாட்களுக்குள் கோட்ட அளவிலான குழுவிடமும், அதன் முடிவை எதிர்த்து மேலும் 60 நாட்களுக்குள் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவிடமும் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் அரசியலமைப்பின் 226-வது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றம் இருக்கிறது. பழங்குடியினருக்கு வருமான வரம்பின்றி வழக்கறிஞர் இலவசம். ஊட்டியில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ 15100 என்ற எண்ணையோ அணுகலாம்.