தொட்டில் அருகே ஒரு தாய்



"அம்மா என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்டால், "வேலை ஒன்றும் இல்லை, வீட்டில்தான் இருக்கிறார்" என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. இந்தப் பதில் எவ்வளவு தவறானது என்பதைத் தம் ஓவியங்களால் காட்டிய இரண்டு பெண்களைப் பற்றி இன்று சிந்திப்போம்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரீசில் இம்ப்ரெஷனிஸ்டுகள் என்ற ஓவியர் குழு தோன்றியது. அரசர்களையும் போர்களையும் விட்டுவிட்டு, அன்றாட வாழ்வை அந்தந்த நேரத்து ஒளியில் கண்டபடி இவர்கள் வரைந்தார்கள். 1874-இல் நடந்த இவர்களது முதல் கண்காட்சியில் பங்குபெற்ற ஒரே பெண் பெர்த் மொரிசோ. மதிப்புள்ள குடும்பத்துப் பெண்கள் தனியே வெளியிடங்களுக்குச் செல்வதை ஊர் ஏற்காத காலம் அது. பாரீசின் அரசு நுண்கலைப் பள்ளியும் 1897 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. எனவே மொரிசோ தாம் நன்கு அறிந்த வீட்டையே அதிகம் வரைந்தார்.

அக்கண்காட்சியில் அவர் வைத்த 'தொட்டில்' என்னும் ஓவியம் 1872-இல் வரையப்பட்டது. மெல்லிய வலைத்துணிக்குள் குழந்தை உறங்குகிறது. அருகில், கன்னத்தில் கைவைத்தபடி தாய் அமர்ந்திருக்கிறார். அவர் முகத்தில் அன்போடு ஆழ்ந்த யோசனையும் தெரிகிறது. அந்தத் தாய் மொரிசோவின் அக்காள் எட்மா. அவரும் ஓவியர்தான், இருவரும் சேர்ந்தே ஓவியம் கற்றார்கள். 1869-இல் திருமணமான பின் எட்மா ஓவியத்தைக் கைவிட்டார்.

அதே குழுவில் பின்னர் சேர்ந்த அமெரிக்கப் பெண் மேரி கசாட், 1893-இல் 'குழந்தையின் குளியல்' என்னும் ஓவியத்தை வரைந்தார். ஒரு பெண் சிறுமியை மடியில் இருத்தி, பாத்திரத்து நீரில் அவள் காலைக் கழுவுகிறார். இருவரும் குனிந்து அந்த நீரையே பார்க்கிறார்கள். வேறு எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்தக் கவனத்தில் ஒரு செப அமைதி இருக்கிறது.

நூற்றுக்கணக்கான ஓவியங்களைத் தந்த மொரிசோ 1895-இல் இறந்தபோது, அவரது இறப்புப் பதிவில் 'தொழில் இல்லை' என்றே எழுதப்பட்டது!

நம் ஆண்டவர் வீட்டு வேலையை இப்படிப் பார்க்கவில்லை. மாவில் புளிப்பு மாவைக் கலக்கும் பெண்ணையும், காசைத் தேடி வீட்டைப் பெருக்கும் பெண்ணையும் காட்டி இறையாட்சியையும் இறையன்பையும் விளக்கினார். இறுதி இராவுணவில் தாமே துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் பாதங்களைக் கழுவினார். அப்படியானால் வீட்டுப் பணிவிடை பெண்களுக்கு மட்டும் உரியது என்று எந்தக் கிறிஸ்தவ ஆணும் சொல்ல முடியாது.

தாய்மையைப் புகழ்வது நல்லது. அந்தப் புகழ்ச்சியைக் காரணம் காட்டி ஒரு பெண்ணின் திறமைக்குக் கதவை அடைப்பது நல்லதல்ல. திறமையையும் இறைவன்தானே தந்தார்? நம் வீடுகளில் திருமணத்தோடு பாட்டையோ படிப்பையோ நிறுத்திவிட்டவர் யாரேனும் உண்டா? அவரிடம் இன்று பேசுவோம். அவருடைய வேலையில் ஒரு பங்கை நாம் எடுத்துக்கொள்வோம்.

நாசரேத்தூர்த் திருக்குடும்பம் நமக்குத் துணை நிற்பதாக.