கவலையும் மோட்டாரும்

உங்கள் முன்னால் இருப்பது கவலைச் சால். கொங்கு நாட்டுக் கிணறுகளில் ஒரு சோடி மாடு சரிவில் இறங்க, ஓட்டுபவர் வடத்தின் மேல் உட்கார்ந்து தன் எடையையும் சேர்க்க, சாலில் தண்ணீர் மேலே வந்தது. சால் வாய்க்காலில் கொட்டியதும் மாடுகள் பின்னோக்கிச் சரிவேறும். விடியுமுன் தொடங்கினால் வெயில் ஏறும்வரை இதே வேலை. சாலின் தோல் வாலைத் தைத்தவர்களும், பல பண்ணைகளில் கவலை ஓட்டியவர்களும் அருந்ததியர்கள். அந்த உழைப்புக்கு ஊர் கொடுத்த கூலி பெருமைப்படும்படி இல்லை.

1932-இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் கோவை ஆலைகளுக்குப் போனது. பிறகு தோட்டத்துக் கிணறுகளுக்கும் வந்தது. மோட்டார் இறைக்கத் தொடங்கியதும் கவலை நின்றது, தோல் வேலையும் நின்றது. கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போயின.

மாட்டுத் தீனி சொந்தக் காட்டில் விளைந்தது. மின்சாரத்தின் விலையையோ அரசு வைத்தது. ஆகவே சண்டையும் அரசோடுதான். 1970-இல் மின் கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் போராட்டத்தில், பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு மூவர் இறந்தனர். 1972-இல் விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகள் கோவை நகரை அடைத்தன. மோட்டார் கட்டணத்துக்காக மாடுகள் தெருவுக்கு வந்தது வேடிக்கைதான்.

1984-இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு மின்சாரத்தை இலவசமாக்கியது. 1989-91 ஆட்சியில் மு. கருணாநிதி அரசு அதை எல்லா விவசாயிகளுக்கும் விரிவாக்கியது. 2003-இல் ஜெயலலிதா அரசு சலுகையை நிறுத்தியது. 2004 மக்களவைத் தேர்தலில் அவர் கட்சிக்குத் தமிழ்நாட்டில் ஓரிடமும் கிடைக்காததும், அதே அரசு அதைத் திருப்பிக் கொடுத்தது.