வலிந்து நிறுத்தல் (கணினியியல்)

வலிந்து நிறுத்தல் என்பது, கணினியிலோ நகர்பேசியிலோ பயனருக்கு மறுமொழி தராமல் உறைந்துபோன மென்பொருள் ஒன்றை, அதன் ஒத்துழைப்பை எதிர்பாராமல் இயங்குதளத்தின் மூலம் முடிவுக்குக் கொண்டுவருதல் ஆகும். மாக் கணினிகளில் இது போர்ஸ் குவிட் என்றும், ஆண்ட்ராய்டில் போர்ஸ் ஸ்டாப் என்றும், விண்டோசில் எண்ட் டாஸ்க் என்றும், யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் கில் என்றும் வழங்கப்படுகின்றது.

வழமையான முறையில் மூடப்படும் மென்பொருள், திறந்துள்ள கோப்புகளைச் சேமிக்கலாமா எனப் பயனரைக் கேட்டு, எழுதிக்கொண்டிருந்தவற்றை வட்டில் எழுதி முடித்த பின்னரே வெளியேறும். வலிந்து நிறுத்தும்போது இவற்றுக்கு வாய்ப்பில்லை. ஆகவே முதலில் மென்பொருளை வெளியேறும்படி கேட்பதும், அது இணங்காதபோது மட்டுமே வலிந்து நிறுத்துவதும் சரியான வரிசை ஆகும். 

செயலி என்ற தமிழ்ச்சொல் முன்னர் நுண்செயலியைக் குறிக்கவே பெரிதும் பயன்பட்டது. இக்கட்டுரையில் அச்சொல் நகர்பேசி மென்பொருளையே குறிக்கும்.

மென்பொருள் உறைவது ஏன்

வரைகலை இடைமுகம் கொண்ட மென்பொருள் ஒவ்வொன்றும் சுட்டியின் சொடுக்கு, விசை அழுத்தம், தொடுகை போன்ற நிகழ்வுகளை இயங்குதளத்திடமிருந்து ஒரு வரிசையாகப் பெறுகின்றது. ஒரு நிகழ்வைக் கையாண்ட பின்னரே அடுத்ததை எடுக்கும். ஏதேனும் ஒரு நிகழ்வுக்கான நிரல்பகுதி முடியாமல் நின்றுவிட்டால் வரிசை முழுவதும் தேங்கும். திரை புதுப்பிக்கப்படாது, மூடும் பொத்தானும் வேலை செய்யாது. மூடு என்பதும் அதே வரிசையில் காத்திருக்கும் மற்றொரு செய்தியே என்பதுதான் காரணம்.

இயங்குதளம் இத்தேக்கத்தை நேரத்தைக் கொண்டே கண்டறிகின்றது. விண்டோசில் ஒரு சாளரம் 5 விநாடிகள் வரை தனக்கு வந்த செய்திகளை எடுக்காவிட்டால் மறுமொழி தராததாகக் கருதப்படும். அப்போது உண்மையான சாளரம் மறைக்கப்பட்டு, அதே இடத்தில் அதே அளவில் வெளிறிய போலிச் சாளரம் ஒன்று வைக்கப்படுகின்றது. உறைந்த சாளரத்தைப் பயனரால் நகர்த்தவும் சிறிதாக்கவும் முடிவது இதனாலேயே. ஆண்ட்ராய்டிலும் தொடுகைக்கு 5 விநாடிகளுக்குள் மறுமொழி இல்லையெனில், செயலியை மூடுவதா காத்திருப்பதா என்ற கேள்வி திரையில் தோன்றும். மாக் கணினிகளில் சுட்டி பல வண்ணச் சக்கரமாக மாறிச் சுழலும்.

மறுமொழி இல்லை என்பதால் மென்பொருள் செயலிழந்துவிட்டது எனக் கொள்ள இயலாது. நிரல் முடிவிலாச் சுழலில் சிக்கியிருக்கலாம். இரண்டு இழைகள் ஒன்றின் கையிலுள்ள வளத்தை மற்றொன்று எதிர்பார்த்து நிரந்தரமாக நிற்கலாம். இவை தாமாகத் தீரா. ஆனால் பல்லாயிரம் வரிகள் கொண்ட விரிதாள் கணக்கிடப்படுவதாலோ, மெதுவான வலையமைப்பிலுள்ள கோப்பொன்று வந்துசேராததாலோ, நினைவகம் போதாமல் தரவுகள் வட்டுக்கும் நினைவகத்துக்குமாக மாற்றப்படுவதாலோ ஏற்படும் தேக்கம் காத்திருந்தால் தீரும். பணி மேலாளரில் அம்மென்பொருளின் மையச் செயற்பகுதிப் பயன்பாடும் வட்டுப் பயன்பாடும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் வேலை நடைபெறுகின்றது எனக் கொள்ளலாம். ஓரிரு நிமிடம் பொறுத்திருப்பது நல்லது. இரண்டும் சுழியத்திலேயே நின்றாலோ, வட்டு அசையாமல் ஒரு செயற்பகுதிக்கரு மட்டும் நெடுநேரம் முழுமையாகப் பயன்பட்டுக்கொண்டிருந்தாலோ நிறுத்துவதே வழி.

கேட்டலும் கொல்லுதலும்

இவ்வேறுபாடு மிகத் தெளிவாக அமைந்திருப்பது யுனிக்ஸ் குடும்பத்தில் ஆகும். அங்கு இயங்கும் நிரல் ஒவ்வொன்றும் செயல்முறை எனப்பட்டு ஓர் எண்ணைப் பெறுகின்றது. அதற்குச் சமிக்ஞைகள் அனுப்ப முடியும். கில் என்ற கட்டளை, பெயருக்கு மாறாக, இயல்பாகக் கொல்வதில்லை. அது அனுப்புவது 15 ஆம் எண் சமிக்ஞை. முடித்துக்கொள்ளவும் என்ற வேண்டுகோள் மட்டுமே. மென்பொருள் இதனைப் பெற்றுத் தன் கோப்புகளை மூடி வெளியேறலாம், புறக்கணிக்கவும் செய்யலாம். முனையத்தில் கன்ட்ரோல் விசையுடன் சி விசையை அழுத்தும்போது செல்லும் 2 ஆம் எண் சமிக்ஞையும் இத்தகையதே.

9 ஆம் எண் சமிக்ஞை வேறு வகையைச் சேர்ந்தது. இது மென்பொருளைச் சென்றடைவதே இல்லை. இயங்குதளத்தின் கருனி அச்செயல்முறையை நேரடியாக அகற்றிவிடுகின்றது. இதனைப் பிடிக்கவோ, தடுக்கவோ, புறக்கணிக்கவோ எந்த நிரலாலும் இயலாது. அனுபவம் குறைந்த கணினி நிருவாகிகள் எதற்கெடுத்தாலும் 9 ஐப் பயன்படுத்துவது பழக்கத்தில் உள்ளது. தரவுத்தளம் ஒன்றின் மீது அவ்வாறு செய்தால் அடுத்த முறை தொடங்கும்போது அது மீட்புப் பணியில் நெடுநேரம் செலவிட நேரலாம். பல லினக்ஸ் வழங்கல்களில் சேவைகளை மேலாளும் சிஸ்டம்டி, ஒரு சேவையை நிறுத்தும்போது முதலில் 15 ஐ அனுப்பி, இயல்பாக 90 விநாடிகள் காத்திருந்து, பிறகே 9 ஐ அனுப்புகின்றது. பயனரும் இவ்வழியைப் பின்பற்றலாம்.

9 ஆம் சமிக்ஞைக்கும் அடங்காதவை இரண்டு உண்டு. வட்டு அல்லது வலையமைப்புக் கோப்பகத்தின் பதிலுக்காகக் கருனிக்குள் குறுக்கிட முடியாத உறக்கத்தில் உள்ள செயல்முறை, அப்பதில் வரும்வரை அகலாது. சோம்பி எனப்படும் செயல்முறையோ ஏற்கெனவே முடிந்துவிட்டது. அதனைத் தொடங்கிய தாய்ச் செயல்முறை முடிவைக் கேட்டுப் பெறாததால் பட்டியலில் பெயர் மட்டும் எஞ்சியிருக்கும். இறந்ததை மீண்டும் கொல்ல முடியாது. தாய்ச் செயல்முறையை முடித்தால் பெயரும் நீங்கும்.

இழக்கப்படுவன

செயல்முறை ஒன்று வலிந்து நிறுத்தப்படும்போது அதன் நினைவகத்தையும் திறந்த கோப்புகளையும் இயங்குதளம் மீட்டுக்கொள்கின்றது. கணினிக்குப் பொதுவாகக் கேடில்லை; இழப்பு பயனருக்கே. நினைவகத்தில் மட்டும் இருந்த, சேமிக்கப்படாத உரை மறைந்துவிடும். மைக்ரோசாப்ட் வேர்டு இயல்பாக 10 நிமிடங்களுக்கு ஒருமுறை மீட்புப் படியொன்றை எழுதிவைப்பதால், இழப்பு பெரும்பாலும் கடைசி 10 நிமிட வேலையோடு நின்றுவிடும்.

கோப்பு எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே நிறுத்தினால் அது பாதியில் நின்றுவிடக்கூடும். நன்கு எழுதப்பட்ட மென்பொருள்கள் புதிய உள்ளடக்கத்தைத் தற்காலிகக் கோப்பில் முழுமையாக எழுதிய பின்னரே பழையதன் பெயரை அதற்கு மாற்றுகின்றன. அவற்றில் பழையதோ புதியதோ ஒன்று முழுதாக எஞ்சும். எல்லா மென்பொருள்களும் அவ்வாறு எழுதப்படுவதில்லை. பூட்டுக்கோப்புகள் நீக்கப்படாமல் எஞ்சுவதும் உண்டு. லிப்ரேஆபிஸ் ஆவணத்தை மீண்டும் திறக்கும்போது அது வேறொருவரால் திறக்கப்பட்டுள்ளது என்ற செய்தி வருவது இதனால் இருக்கலாம்.

பணம் செலுத்தும் செயலிகளில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. தொகையை உறுதிசெய்த பிறகு திரை உறைந்து நின்றால், கோரிக்கை ஏற்கெனவே வங்கியின் வழங்கியைச் சென்றடைந்திருக்கலாம். நகர்பேசியில் செயலியை நிறுத்துவது அங்கு நடைபெறும் பரிமாற்றத்தை நிறுத்தாது. செயலியை மீண்டும் திறந்ததும் உடனே பணம் அனுப்பாமல், பரிமாற்ற வரலாற்றையும் வங்கியிருப்பையும் முதலில் பார்க்க வேண்டும். இல்லையெனில் ஒரே தொகை இருமுறை செல்ல வாய்ப்புண்டு.

விண்டோஸ்

கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் ஆகிய மூன்று விசைகளின் கூட்டு, 1981 இல் வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணினிக்காக அந்நிறுவனப் பொறியாளர் டேவிட் பிராட்லியால் அமைக்கப்பட்டது. மின்சாரத்தை நிறுத்தாமலே கணினியை மறுதொடக்கம் செய்வது அதன் நோக்கம். முதலில் டெலீட்டுக்குப் பதிலாக எஸ்கேப் விசையே இருந்தது. இடப்பக்கத்தில் தவறுதலாகக் கைபட்டால் கணினி மறுதொடங்கியதால், ஒரே கையால் எளிதில் அழுத்த முடியாத கூட்டாக அது மாற்றப்பட்டது. 1992 இல் வந்த விண்டோஸ் 3.1 இல் இக்கூட்டு உறைந்த மென்பொருளை மட்டும் மூடும் வாய்ப்பை அளித்தது. விண்டோஸ் 95 இல் அது இயங்கும் மென்பொருள்களின் பட்டியலைக் காட்டியது. பணி மேலாளர் 1996 இல் விண்டோஸ் என்டி 4.0 உடன் வந்தது.

உறைந்த சாளரத்தில் முதலில் ஆல்ட் விசையுடன் எப்4 ஐ அழுத்திப் பார்க்கலாம். இது வழமையான மூடுதலே. பயனில்லையெனில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தினால் பணி மேலாளர் நேரடியாகத் திறக்கும். மென்பொருளைத் தெரிவுசெய்து எண்ட் டாஸ்க் என்பதைச் சொடுக்க வேண்டும். பணிப்பட்டையே உறைந்திருந்தால், பட்டியலில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தெரிவுசெய்து ரீஸ்டார்ட் பொத்தானைப் பயன்படுத்தலாம். கணினியை அணைக்கத் தேவையில்லை. கட்டளைவரியில் டாஸ்க்கில் என்ற கட்டளை உள்ளது. அதனுடன் சாய்கோடும் எப் எழுத்தும் சேர்த்தால்தான் வலிந்து நிறுத்தும். பெயர் புரியாத செயல்முறைகளை நினைவகம் அதிகம் எடுக்கின்றன என்பதற்காக நிறுத்தக் கூடாது. அவற்றுள் சில இயங்குதளத்தின் உறுப்புகள். நிறுத்தினால் பிழைத்திரை தோன்றிக் கணினி நின்றுவிடும்.

மாக் கணினிகள்

கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளை அழுத்தினால் இயங்கும் மென்பொருள்களின் பட்டியல் தோன்றும். உறைந்ததைத் தெரிவுசெய்து போர்ஸ் குவிட் என்பதைச் சொடுக்க வேண்டும். இவ்விசைக்கூட்டு 1991 இல் வெளியான சிஸ்டம் 7 இலிருந்தே உள்ளது. அக்காலத்தில் மென்பொருள்களின் நினைவகம் ஒன்றிலிருந்து ஒன்று பாதுகாக்கப்படவில்லை. ஒன்றை நிறுத்தினால் மற்றவையும் தடுமாறின. எஞ்சியவற்றைச் சேமித்துவிட்டு மறுதொடங்குவதே பாதுகாப்பாக இருந்தது. 2001 இல் மாக் ஓஎஸ் டென் வந்த பிறகு அத்தேவை நீங்கியது.

லினக்ஸ்

பெரும்பாலான வழங்கல்களில் கணினிக் கண்காணிப்பான் போன்ற வரைகலைக் கருவிகள் உள்ளன. எக்ஸ் சாளர முறைமையில் எக்ஸ்கில் என்ற கட்டளையை இட்டு, உறைந்த சாளரத்தைச் சொடுக்கினால் அது மறையும். இது சாளரத்தின் தொடர்பைத் துண்டிக்கின்றதே தவிர செயல்முறையைக் கொல்வதில்லை. பின்னணியில் அது தொடரவும் கூடும். வேலண்டு முறைமைக்கே உரிய சாளரங்களில் எக்ஸ்கில் பயன்படாது. கில்லால் என்ற கட்டளை லினக்சில் குறிப்பிட்ட பெயருடைய செயல்முறைகளை மட்டும் நிறுத்தும். சோலாரிசில் அதே பெயருள்ள கட்டளை ஏறத்தாழ எல்லாச் செயல்முறைகளையும் நிறுத்திவிடும் என்பதை நினைவில் கொள்க.

ஆண்ட்ராய்டு

அமைப்புகளில் செயலிகள் பகுதிக்குச் சென்று, உரிய செயலியைத் தெரிவுசெய்தால் போர்ஸ் ஸ்டாப் பொத்தான் காணப்படும். இதன் விளைவு கணினியில் உள்ளதைவிட நீண்டது. 2011 இல் வெளியான ஆண்ட்ராய்டு 3.1 முதல், இவ்வாறு நிறுத்தப்பட்ட செயலி நிறுத்தப்பட்ட நிலையில் வைக்கப்படுகின்றது. பயனர் மீண்டும் திறக்கும்வரை அது இயங்குதளத்தின் பொது அறிவிப்புகளைப் பெறாது. அது பதிந்திருந்த நேர ஏற்பாடுகளும் நீக்கப்படும். மருந்து உட்கொள்ளும் நேரத்தை நினைவூட்டும் செயலியை இரவில் வலிந்து நிறுத்தினால் காலையில் அது ஒலிக்காது. அரட்டைச் செயலியில் செய்திகளும் வரா. ஆகவே நிறுத்திய செயலியை உடனே ஒருமுறை திறந்துவைப்பது அவசியம்.

தரவு அழிப்புப் பொத்தானை இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது செயலியில் சேமித்த அனைத்தையும் நீக்கிவிடும்.

ஐபோன்

2017 இல் வந்த ஐபோன் 10 முதலான முகப்புப் பொத்தான் இல்லாத கருவிகளில், திரையின் அடியிலிருந்து மேல்நோக்கி இழுத்து நடுவில் சற்று நிறுத்தினால் அண்மைச் செயலிகள் தோன்றும். பொத்தான் உள்ளவற்றில் அதனை இருமுறை அழுத்த வேண்டும். உறைந்த செயலியை மேலே தள்ளினால் நின்றுவிடும். அவ்வாறு தள்ளப்பட்ட செயலி, மீண்டும் திறக்கப்படும்வரை பின்னணியில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாது.

செயலிகளை நாள்தோறும் தள்ளிவிடும் பழக்கம்

அண்மைப் பட்டியலில் உள்ள எல்லாச் செயலிகளையும் அவ்வப்போது தள்ளிவிட்டால் மின்கலம் நீடிக்கும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இது தவறானது. அப்பட்டியல் இயங்கும் செயலிகளின் பட்டியல் அன்று; அண்மையில் பயன்படுத்தியவற்றின் பட்டியலே. அவற்றுள் பெரும்பாலானவை நினைவகத்தில் உறைநிலையில் வைக்கப்பட்டு, மையச் செயற்பகுதியைப் பயன்படுத்தாமல் உள்ளன. நினைவகம் தேவைப்பட்டால் இயங்குதளமே அவற்றை அகற்றும். தள்ளிவிட்ட செயலியை மறுபடி திறக்கும்போது அனைத்தையும் தொடக்கத்திலிருந்து ஏற்றவேண்டியிருப்பதால் மின்னாற்றல் கூடுதலாகவே செலவாகும். 2016 மார்ச்சில் ஆப்பிளின் மென்பொருள் பொறுப்பாளர் கிரெய்க் பெடரிகி, இது மின்கலத்துக்கு உதவுமா என்று கேட்ட வாடிக்கையாளருக்கு இல்லை என்றே பதிலளித்தார். ஆண்ட்ராய்டுக்குப் பொறுப்பாயிருந்த ஹிரோஷி லாக்ஹைமரும் அப்போது அதே கருத்தைத் தெரிவித்தார். ஒரு குறிப்பிட்ட செயலி பின்னணியில் உண்மையிலேயே மின்கலத்தைக் குறைத்தால் அமைப்புகளின் மின்கலப் பகுதியில் அதன் பெயர் முன்னிலையில் நிற்கும். அதனை மட்டும் நிறுத்தலாம், புதுப்பிக்கலாம் அல்லது நீக்கலாம்.

கருவியே உறைந்தால்

ஐபோன் 8 முதலான கருவிகளில் ஒலி கூட்டும் பொத்தானை அழுத்தி விட்டு, ஒலி குறைக்கும் பொத்தானை அழுத்தி விட்டு, பின்னர் பக்கப் பொத்தானை ஆப்பிள் சின்னம் தோன்றும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு கருவிகளில் மின்பொத்தானை, சிலவற்றில் ஒலி குறைக்கும் பொத்தானுடன் சேர்த்து, நீண்டநேரம் அழுத்த வேண்டும். கணினியில் மின்பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் அணைந்துவிடும். வட்டில் எழுதப்படாதிருந்த தரவுகள் இதில் இழக்கப்படும். இயங்குதளமோ கருவியின் நிலைப்பொருளோ புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருக்கும்போது இதனைச் செய்தால் கருவியே மீண்டும் தொடங்காமல் போகலாம்.

லினக்சில் இதற்கும் ஒரு மென்மையான வழி உள்ளது. ஆல்ட், சிஸ்ஆர்க்யூ விசைகளைப் பிடித்துக்கொண்டு ஆர், ஈ, ஐ, எஸ், யு, பி ஆகியவற்றை இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அழுத்தினால், விசைப்பலகை மீட்கப்பட்டு, எல்லாச் செயல்முறைகளுக்கும் முதலில் 15 ஆம் சமிக்ஞையும் பின்னர் 9 ஆம் சமிக்ஞையும் சென்று, தரவுகள் வட்டில் எழுதப்பட்டு, கோப்பு முறைமை படிக்க மட்டுமான நிலைக்கு மாறி, இறுதியில் கணினி மறுதொடங்கும். பல வழங்கல்களில் இவ்வசதி பகுதியாகவோ முழுமையாகவோ முடக்கப்பட்டிருப்பதால், தேவைப்படுவோர் அதனை முன்கூட்டியே இயக்கிவைக்க வேண்டும்.