விலைப்பட்டியலிலிருந்து பேரேட்டுக்கு
ஜேர்மனியிற் சிறுவணிகரின் கணக்கு வரி ஆலோசகரைச் சென்றடையும் வழி

வணிகம் எத்துணைச் சிறியதாயினும் அதற்குக் கணக்கு உண்டு. கணக்கு எத்துணைப் பெரியதாயினும் அதற்கு ஆவணமே ஆதாரமாகும். பொருளை விற்றவர், அல்லது தொழிலைச் செய்து கொடுத்தவர், அதற்கீடாகப் பெறவேண்டிய தொகையைக் குறித்து எழுதிக் கொடுக்கும் விலைப்பட்டியல், அவ்வாவணங்களுள் தலையாயது. அதனை எழுதுபவர் ஒருவர்; அதனைக்கொண்டு அரசிறைக்குரிய வரியைக் கணிப்பவர் மற்றொருவர். முன்னவர் அறிந்ததைப் பின்னவர் பழுதின்றி அறிதல் வேண்டும். இக்காலத்தே பட்டியலை எழுதுவதும் கணினியே, பேரேட்டைப் பேணுவதும் கணினியே. ஆயினும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தியைக் கொண்டு சேர்க்கும் வேலை தானாகவே செவ்வையாகிவிடுவதன்று. இதனை ஜேர்மனி நாட்டின் வழக்கைக்கொண்டு விளக்குதல் பொருத்தமாகும். ஏனெனில், இத்துறையில் அந்நாடு நெடுங்கால அனுபவமும் நுணுக்கமான விதிகளும் உடையது.

ஜேர்மனியில் வரி ஆலோசகர் என்போர் அரசு அங்கீகரித்த தேர்விற் சித்தியெய்தி, சட்டத்தாற் கட்டுப்படுத்தப்பட்ட தொழிலை நடத்துவோராவர். வாடிக்கையாளரின் இரகசியத்தைக் காப்பது அவர்தம் கடமை. தச்சுப்பட்டறை, வெதுப்பகம், சிறுகடை முதலியவற்றை நடத்துவோர் பலர், தம் கணக்கெழுதும் வேலையை இவர்களிடமே ஒப்படைப்பர். மாதந்தோறும் பட்டியல்களையும் பற்றுச்சீட்டுகளையும் ஒரு கோப்பில் அடுக்கி ஆலோசகரிடம் அனுப்ப, அவர் பதிவு செய்தபின் அக்கோப்பு திரும்பி வரும். ஊசல்போல அங்குமிங்கும் சென்று மீளுவதால் அதனை ‘ஊசற் கோப்பு’ என்னும் பொருள்பட ‘பெண்டெல்ஓர்ட்னர்’ என அந்நாட்டார் வழங்கினர். தாள்தான் சென்றது, அதனைக் கண்ணாற் படித்து, ஐயம் எழுந்தவிடத்து வினாவி, பேரேட்டில் ஏற்றியவர் மனிதரே.

இவ்வேலையைப் பெருக்கியது ஒரு வரிச் சீர்திருத்தம். 1967 வரையும் ஜேர்மனியில் நிலவிய புரள்வு வரி, பொருள் கைமாறுந்தோறும் முழு விலைமீதும் அறவிடப்பட்டது. 1968 ஜனவரி முதலாந் திகதி பெறுமதி சேர் வரி அதன் இடத்தைப் பெற்றது. புதிய முறையில், வணிகர் ஒருவர் தாம் விற்றபோது பெற்ற வரியிலிருந்து தாம் வாங்கியபோது செலுத்திய வரியைக் கழித்து, எஞ்சியதையே அரசுக்குச் செலுத்துவார். அவ்வாறு கழிப்பதற்கு அவர் காட்டவேண்டிய சான்று, தமக்கு விற்றவர் கொடுத்த விலைப்பட்டியலாகும். ஆகவே ஒருவர் எழுதிய தாள் மற்றொருவரின் பணமாயிற்று. பட்டியலில் நேரும் பிழை, எழுதியவரையும் பெற்றவரையும் ஒருங்கே தாக்கும் நிலை உண்டாயிற்று.

வரவிருந்த இச்சுமையை முன்னரே உணர்ந்து, 1966ஆம் ஆண்டில் நூரெம்பேர்க் நகரில் வரித் தொழிலினர் 65 பேர் ஒன்றுகூடி ஒரு கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். அதுவே ‘டாட்டேவ்’ என்னும் பெயரால் இன்று வழங்குவது. அதன் தோற்றத்திற்கு முன்னின்றவர் ஹைன்ஸ் செபிகர் என்பவர். தனித்தனியே கணினி வாங்க இயலாத சிறு அலுவலகங்கள், கூட்டாக ஒரு கணினி நிலையத்தைப் பயன்படுத்துவதே அச்சங்கத்தின் கருத்து. இன்று ஜேர்மன் வரி ஆலோசகருட் பெரும்பாலோர் இச்சங்கத்தின் மென்பொருளையே கையாள்வதால், அது வகுத்த கோப்பு வடிவம் நாடெங்கும் பொது வடிவம்போல் ஆயிற்று. சிறுவணிகருக்கென விற்கப்படும் பட்டியல் மென்பொருள்கள் பலவும், தம்மிடமுள்ள விவரத்தை அவ்வடிவத்தில் வெளியிடும் வசதியை உடையன.

இனி, அவ்வாறு கொண்டு செல்லப்படுவது யாது என நோக்குவோம். ஒரு தச்சர் மேசையொன்று செய்து கொடுத்து, வரி நீங்கலாக 1,000 யூரோ எனவும், நூற்றுக்கு 19 வீதம் வரி 190 யூரோ எனவும், ஆக 1,190 யூரோ எனவும் பட்டியல் எழுதுகின்றார் எனக் கொள்வோம். வாங்குபவரின் பெயரும் முகவரியும், பட்டியலின் எண்ணும் திகதியும், வேலை முடிந்த திகதியும் அதிற் காணப்படும். கணக்காளரோ அதனை வேறு மொழியிற் காண்கின்றார். இரட்டைப் பதிவு முறையின்படி, வாங்கியவரின் கணக்கில் 1,190 யூரோ வரவுப் பக்கத்திலும், விற்பனைக் கணக்கில் 1,000 யூரோவும் வரிக் கணக்கில் 190 யூரோவும் செலவுப் பக்கத்திலும் ஏறுதல் வேண்டும். ஜேர்மனியிற் பெருவழக்கான ‘எஸ்.கே.ஆர். 03’ என்னும் கணக்குச் சட்டகத்தில் 19 வீத விற்பனைக்கு 8400 என்றும், அதற்குரிய வரிக்கு 1776 என்றும் எண்கள் உள. ‘எஸ்.கே.ஆர். 04’ என்னும் மற்றொரு சட்டகத்தில் அதே விற்பனைக்கு எண் 4400 ஆகும். ஆகவே மேசை, தச்சர், வாடிக்கையாளர் என நின்ற செய்தி, எண்களும் பக்கங்களுமாக மாறுகின்றது. இம்மாற்றத்தை ஒரு மொழிபெயர்ப்பு எனலாம். மொழிபெயர்ப்பில் நேரக்கூடிய குறைகள் யாவும் இதிலும் நேரக்கூடும்.

முதலாவது குறை எழுத்தைப் பற்றியது. ஜேர்மனியர் பின்னத்தைக் காற்புள்ளியாற் பிரிப்பர். ஆயிரத்தைப் புள்ளியாற் பிரிப்பர். ஆதலின் கோப்பின் நிரல்களைப் பிரிக்கக் காற்புள்ளி உதவாது, அரைப்புள்ளியே பயன்படுகின்றது. டாட்டேவ் வடிவத்திற் பதிவின் திகதி நாளையும் மாதத்தையும் மட்டுமே கொண்டது; மார்ச் 15 என்பது 1503 என நிற்கும். எந்த ஆண்டு என்பது கோப்பின் தலைப்பு வரியினின்றும் பெறப்படும். தொகைக்கு முன் கழித்தற் குறி இடுவதில்லை. எப்பக்கத்தது என்பதை ‘ஸோல்’, ‘ஹாபென்’ என்னும் இரு சொற்களின் முதலெழுத்தே காட்டும். இவை அறியாதார், கோப்பை இடைவழியில் அட்டவணை மென்பொருளொன்றில் திறந்து பார்த்துச் சேமிப்பாராயின், 00047 என்றிருந்த பட்டியல் எண் 47 என மாறிவிடலாம். பின்னர் வங்கியில் 00047 எனக் குறித்து வரும் பணத்துக்குரிய பட்டியல் பேரேட்டிற் கிட்டாது போம்.

இரண்டாவது குறை கணக்கைப் பற்றியது. இது கண்ணுக்குப் புலப்படாதது. மேற்கூறிய 8400 என்னும் கணக்கு, தானே வரியைப் பிரிக்கும் இயல்புடையது. அதற்கு 1,190 யூரோவைக் கொடுத்தால், 190 யூரோவை அதுவே பிரித்து வரிக் கணக்கில் ஏற்றும். இதனை உணராது வரி நீங்கிய 1,000 யூரோவையே அனுப்பினால், அதனையும் வரி சேர்ந்த தொகையெனக் கொண்டு அதிலிருந்து 159.66 யூரோவை வரியாகப் பிரித்துவிடும். கோப்பு ஏற்கப்படும், எச்சரிக்கை எதுவும் எழாது, இரு பக்கங்களும் சமமாகவே நிற்கும். ஆயினும் வரி 30.34 யூரோ குறைந்திருக்கும். இரட்டைப் பதிவு முறை சில பிழைகளை வெளிப்படுத்தும். எல்லாப் பிழைகளையும் வெளிப்படுத்தாது என்பதற்கு இது தக்க சான்று.

மூன்றாவது குறை, செய்தி விடுபடுதல். இது யாவற்றினும் கொடியது. 2020ஆம் ஆண்டு யூலை முதல் டிசெம்பர் முடிய ஆறு மாதங்களுக்கு ஜேர்மன் அரசு 19 வீத வரியை 16 ஆகவும், 7 வீத வரியை 5 ஆகவும் குறைத்தது. எவ்வீதம் உரியது என்பதைத் தீர்மானித்தது பட்டியல் எழுதிய நாளன்று. வேலை நிறைவெய்திய நாளே. யூன் 28இல் முடிந்த வேலைக்கு யூலை 3இற் பட்டியல் எழுதினால் 19 வீதமே உரியது. பட்டியலின் திகதியை மட்டும் நோக்கும் மென்பொருள், 1,000 யூரோவுக்கு 160 யூரோ வரியெனக் கணித்து 1,160 யூரோ எனப் பட்டியலிட்டிருக்கும். சட்டமோ அந்த 1,160 யூரோவினுள் 19 வீத வரி அடங்கியிருப்பதாகக் கொண்டு 185.21 யூரோவைக் கேட்கும். மிகுதியை வாடிக்கையாளரிடம் கேட்டுப் பெற முடியாதவிடத்து அத்தச்சர் தம் கையிலிருந்தே செலுத்தவேண்டியவராவார். இதற்கு மாறாக, உரிய வரியினும் மிகையாகப் பட்டியலில் எழுதிவிட்டவர், அதனைத் திருத்தும் வரையும் அம்மிகையையும் அரசுக்குக் கடன்பட்டவராகின்றார். வேலை முடிந்த திகதி என்னும் ஒரு சிறு செய்தி ஆலோசகரைச் சென்றடையாதுவிடின், அவர் எத்துணைத் தேர்ந்தவராயினும் இப்பிழையைக் காண இயலாது.

பணம் கைக்கு வந்த நாளும் இத்தகையதே. பொதுவிதியின்படி, பணம் வந்ததாயினும் வாராததாயினும், வேலை முடிந்த காலத்துக்குரிய வரியைச் செலுத்துதல் வேண்டும். ஆனால், முந்திய ஆண்டின் புரள்வு குறித்த எல்லையைத் தாண்டாத வணிகர், பணம் வந்த பின்னரே வரி செலுத்த அனுமதி பெறலாம். அவ்வெல்லை 2024 முதல் எட்டு இலட்சம் யூரோவாகும். இவ்வனுமதி பெற்றவர் பட்டியல்களை மட்டும் அனுப்பினாற் போதாது. வங்கிக் கணக்கின் விவரமும் உடன் செல்லுதல் வேண்டும். வரிக்குரிய முற்கூற்று, காலம் முடிந்தபின் வரும் மாதத்தின் 10ஆந் திகதிக்குள் மின்வழியாகச் சேர்தல் வேண்டும் என்பது விதி. வேண்டிக்கொள்வோருக்கு ஒரு மாத நீடிப்புக் கிடைக்கும். ஆகவே காலந்தாழ்த்துதலும் ஒரு பிழையே.

எண்களோடு ஆவணமும் செல்லுதல் வேண்டும். மின்முறையிற் கணக்கைப் பேணுவது குறித்து ஜேர்மன் நிதியமைச்சு 2014இல் விதித்து 2019இற் புதுக்கிய நெறிகள், பதிந்ததைத் தடயமின்றி மாற்றுதலைத் தடை செய்கின்றன. பட்டியல் பிழையாயின் அதனை அழித்து எழுதலாகாது. நீக்கப் பட்டியல் ஒன்று எழுதிப் பின் புதியது எழுதுதல் வேண்டும். மூன்றும் கணக்கில் நிற்கும். பட்டியல்களை எட்டு ஆண்டுகளும், பேரேடுகளைப் பத்து ஆண்டுகளும் காத்தல் கடன். பட்டியல்களுக்கும் முன்பு பத்து ஆண்டுகளே விதியாக இருந்து, 2025இல் எட்டாகக் குறைக்கப்பட்டது. மென்பொருளை மாற்றும் வணிகர், பழைய மென்பொருளோடு பழைய பட்டியல்களையும் கைவிடுவாராயின், ஆய்வாளர் வரும் நாளில் எண்கள் இருக்கும். அவற்றிற்குச் சான்று இராது.

இவ்விடர்களைக் குறைக்கும் நோக்குடன் வந்ததே மின்பட்டியல். கணினி தானே படித்தறியத்தக்க அமைப்பில் எழுதப்பட்ட பட்டியலை மட்டுமே சட்டம் இப்பெயராற் குறிக்கின்றது. தாளின் படத்தை மின்னஞ்சலில் அனுப்புதல் மின்பட்டியலாகாது. அமைப்பை வரையறுப்பது ‘ஈ.என். 16931’ என்னும் ஐரோப்பிய நியமம். ஜேர்மனியில் ‘எக்ஸ்-ரெக்னுங்’ எனவும் ‘சுக்பெர்ட்’ எனவும் இரு வடிவங்கள் இதற்கிணங்க வழங்குகின்றன. முன்னது கணினிக்கு மட்டும் உரியது; பின்னது மனிதர் படிக்கும் தாளினுள்ளே கணினி படிக்கும் பகுதியையும் அடக்கியது. 2025 ஜனவரி முதல், உள்நாட்டு வணிகர் யாவரும் மற்றொரு வணிகர் அனுப்பும் மின்பட்டியலைப் பெறத்தக்கவராயிருத்தல் வேண்டும். அனுப்பும் கடமையோ படிப்படியாக வருவது. 2026 முடியத் தாட்பட்டியல் செல்லும். முந்திய ஆண்டின் புரள்வு எட்டு இலட்சம் யூரோவைத் தாண்டாதவருக்கு அது 2027 முடியச் செல்லும். புரள்வு மிகக் குறைந்து வரிவிலக்குப் பெற்ற சிறு முயற்சியாளருக்கு அனுப்பும் கடமை இல்லை. இம்முறையில் வேலை முடிந்த திகதியும் வரி வீதமும் தத்தமக்குரிய இடத்தில் நிற்பதால், இடைவழியிற் செய்தி விடுபடுதல் அரிதாகும். ஆயினும், எழுதியவர் தவறான வீதத்தை எழுதினால், அத்தவறும் பழுதின்றியே சென்று சேரும்.

எனவே, கருவி எதுவாயினும் வணிகர் செய்யவேண்டியன சில உள. எந்தக் கணக்குச் சட்டகம், தொகை வரி சேர்ந்ததா நீங்கியதா, வரி வேலைக்கா வரவுக்கா என்பவற்றை முதற் கோப்பு அனுப்புமுன்னரே ஆலோசகரோடு பேசி முடிவு செய்தல் வேண்டும். ஒரு மாதத்துக் கணக்கைச் சோதனையாக அனுப்பி, பட்டியல்களின் மொத்தமும், பேரேட்டின் விற்பனை மொத்தமும், வரியின் மொத்தமும் ஒத்து நிற்கின்றனவா எனத் தொகையிட்டு நோக்குதல் வேண்டும். பட்டியல் எண்கள் இடையறாது தொடர்கின்றனவா என்பதையும் காணல் வேண்டும். அரை நாளில் முடியும் இவ்வேலை, ஆண்டிறுதியிற் பல நாட்களை மீட்டுத்தரும்.

ஊசற் கோப்பைப் புரட்டிய கணக்காளர், மங்கிய திகதியைக் கண்டவிடத்து வணிகரை அழைத்துக் கேட்டார். கணினி அவ்வாறு கேட்பதில்லை. கொடுத்ததைக் கொண்டு செல்வதே அதன் தொழில். வரி ஆலோசகர் துணை நின்றாலும், சட்டத்தின் முன் விடையளிக்கவேண்டியவர் பட்டியலை எழுதிய வணிகரே. ஆகவே, வேலை முடிந்த அன்றே திகதியைச் சரியாகக் குறித்து வைக்கும் பழைய வழக்கம், மென்பொருள் மலிந்த இக்காலத்திலும் அவருக்கு உற்ற காப்பாகும்.