பூண்டிக்குப் போனால் கல்லையும் பாருங்கள்

சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி ஏரிக்கு விடுமுறை நாளில் கூட்டம் வரும். மதகைப் பார்க்கும், படம் எடுக்கும், திரும்பிவிடும். அங்கேயே தமிழ்நாடு தொல்லியல் துறை 1985-இல் தொடங்கிய தொல்பழங்கால அகழ்வைப்பகம் ஒன்று இருக்கிறது. எட்டிப் பார்ப்பவர்களும் சீக்கிரமே வெளியே வந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கண்ணாடிக்குப் பின்னால் வரிசை வரிசையாகக் கல். எதைப் பார்ப்பது என்று யாராவது சொல்லித்தந்தால்தானே!

கைக்கோடரி ஒன்றின் முன்னால் நில்லுங்கள். ஒரு முனை கூர். மறுமுனை உள்ளங்கைக்குள் அடங்கும் பருமன். காம்பு கிடையாது. இப்போது விளிம்பை மட்டும் பாருங்கள். ஆழமில்லாத குழிவான வடுக்கள், ஒன்றன் ஓரத்தை இன்னொன்று தின்றபடி, சுற்றிலும் ஓடும். ஒவ்வொரு வடுவும் ஓர் அடி. கெட்டியான இன்னொரு கல்லால் ஓரத்தில் தட்டியபோது ஒரு சில்லு தெறித்துப் போன இடம் அது. அம்மி கொத்துகிறவர் இடம் பார்த்து உளியை இறக்குவதுபோல, இங்கேயும் கோணம் பார்த்தே அடி விழுந்திருக்கிறது. ஆற்றில் உருண்டு தானாக உடைந்த கல்லிலும் வடு இருக்கலாம். ஆனால் இரண்டு பக்கமும் மாறி மாறிச் செதுக்கப்பட்டு, அவ்வளவும் சேர்ந்து ஒரே கூரான விளிம்பில் முடியாது. அப்படி முடிந்திருப்பதுதான் மனிதக் கையின் அடையாளம்.

இந்த அடையாளத்தை இங்கே முதலில் கண்டுகொண்டவர் இராபர்ட் புரூஸ் ஃபுட். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் ஒரு கற்கருவியை எடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில், சக ஆய்வாளர் வில்லியம் கிங்குடன் பூண்டிக்கு அருகே உள்ள அதிரம்பாக்கத்தை அடைந்தார். மற்றவர்கள் வெறும் ஜல்லி என்று மிதித்துப்போனது இவர் கண்ணில் மட்டும் எப்படிப் பட்டது? அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கருவிகள் மனிதன் செய்தவையே என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்திருந்த கண் ஃபுட்டுடையது. அவர் சேர்த்த தொகுப்பை 1904-இல் அரசு வாங்கியது. அது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கருவி கிடைத்துவிட்டது. வயது? ஃபுட் காலத்தில் அதற்கு வழியே இல்லை. 1999 முதல் தொல்லியலாளர்கள் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் அதிரம்பாக்கத்தில் பல மீட்டர் ஆழத்துக்குத் தோண்டி, அடுக்கடுக்காகக் கருவிகளை எடுத்தார்கள். தரையின் மேல் கிடக்கும் குவார்ட்சைட் கல்மீது விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் படும்போது, அதனுள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு ஐசோடோப்புகள் சிறுகச் சிறுக உருவாகும். கல் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்ததும் இந்த வரவு நின்றுவிடும். செலவு மட்டும் தொடரும். அலுமினியம் வேகமாகக் கரையும், பெரிலியம் மெதுவாகக் கரையும். மிச்சமிருக்கும் விகிதத்தை அளந்தால் புதைந்த காலம் தெரிந்துவிடும். அத்துடன், பூமியின் காந்தப்புலம் வடக்கு தெற்காகத் தலைகீழாக இருந்த காலத்தின் தடயமும் அந்த மண்ணில் இருந்தது. அது கடைசியாக நேராகத் திரும்பியதே சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்புதான்; ஆக, அந்த மண் அதற்கும் பழையது. எல்லாவற்றையும் சேர்த்து 2011-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள். கீழடியின் 2,600 ஆண்டுகளைப் போல 570 மடங்குக்கும் மேல்.

அதிரம்பாக்கத்தின் மேலடுக்குகள் இன்னொரு கதை சொல்கின்றன. பெரிய கைக்கோடரிகள் குறைந்து, முன்கூட்டியே செதுக்கித் தயார் செய்த கல்லிலிருந்து வேண்டிய வடிவத்தில் சிறு சில்லுகளை உரித்தெடுக்கும் முறை வந்துவிடுகிறது. இந்த மாற்றம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018-இல் அறிவித்தார்கள். இந்தியாவுக்கு இந்த நுட்பம் மிகப் பிந்தித்தான் வந்தது என்று அதுவரை நிலவிய கருத்தை இது ஆட்டிவிட்டது. பூண்டியில் அடுத்த கண்ணாடிப் பெட்டிக்கு நகரும்போது கருவிகள் சிறுத்துக்கொண்டே போனால், கைப்பக்குவம் கூடிக்கொண்டே போகிறது என்று அர்த்தம்.

மிகப் பழைய அந்தக் கைக்கோடரிகளைச் செய்தவர்கள் யார் என்ற கேள்வி வரும். அதிரம்பாக்கத்தில் மாட்டினப் பற்கள் கிடைத்தன, விலங்குகளின் குளம்புத் தடங்கள்கூடக் கிடைத்தன. மனித எலும்பு மட்டும் கிடைக்கவில்லை. இவர்களை நம் முப்பாட்டன்கள் என்று மேடையில் முழங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நம்மைப் போன்ற மனிதர்கள் உலகில் தோன்றுவதற்கே பல லட்சம் ஆண்டுகள் முந்தியவர்கள் அவர்கள். ஆனால் ஒன்று நிச்சயம்: மிகப் பழைய அடுக்கில் உள்ள பெரிய கருவிகள் பலவும் வேறு இடத்தில் உடைத்தெடுத்த பெரிய சில்லுகளைச் சுமந்து வந்து செய்தவை. நாளைய தேவையை இன்றே யோசித்த தலை அது.

திருவள்ளூரிலிருந்து பூண்டி பக்கம்தான். நேரம் இருந்தால் குடியம் பாறைக் குகைகளுக்கும் நடக்கலாம். காட்டுவழி என்பதால் உள்ளூர்க்காரர் ஒருவர் துணை வேண்டும். எழும்பூருக்குப் போவதானால் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறக்க வேண்டாம்.

போகிற வழியில் விளிம்பு செதுக்கிய கல் ஒன்று உங்கள் காலிலேயே தட்டுப்படலாம். பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது எந்த மண்ணில், எந்த அடுக்கில் கிடந்தது என்பதில்தான் அதன் வயது இருக்கிறது. வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் கல். இருந்த இடத்திலேயே விட்டு, படம் எடுத்து, இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.