எக்செல்னா உதறலா? பால் கணக்குல ஆரம்பிங்க!

சென்னை: இன்டர்வியூவில் 'எக்செல் தெரியுமா?' என்று கேட்டால், 'ஓ... தெரியுமே' என்று பலரும் தலையாட்டி விடுகிறார்கள். வேலையில் சேர்ந்த பிறகு மேனேஜர் ஒரு பட்டியலை நீட்டி, 'டோட்டல் போட்டுக் கொடும்மா' என்றதும்தான் வயிற்றில் புளி கரைக்கிறது. பக்கத்து சீட்காரர் பார்க்காத நேரமாக செல்போன் கால்குலேட்டரில் கூட்டி, விடையை மட்டும் கட்டத்தில் டைப் அடிப்பவர்களும் உண்டு.

வம்பே அதில்தான். நாளைக்கே ஒரு தொகை மாறினால், பழைய டோட்டல் அப்படியே உட்கார்ந்திருக்கும். மாட்டிக்கொள்வது டைப் அடித்தவர்தான்.

புத்தகத்தை வைத்து மெனுவை மனப்பாடம் செய்ய வேண்டாம். வீட்டு பால் கணக்கு போதும். 'ஏ'வுக்குக் கீழே 30 நாள் தேதி, 'பி'க்குக் கீழே எத்தனை லிட்டர். லிட்டர் விலையைத் தனியாக எஃப்1 கட்டத்தில் போடுங்க. சி2-ல் =பி2*எஃப்1 என்று அடித்து (இங்கிலீஷ் எழுத்தில்தான்!) என்டர் தட்டினால் முதல் நாள் காசு வந்துவிடும். கட்டத்தின் வலது கீழ் மூலையில் உள்ள குட்டிச் சதுரத்தைப் பிடித்து கீழே இழுத்தால் மற்ற நாள்களும் வரணும். ஆனா வராது, பூஜ்யம்தான் வரும்!

புதுசா கத்துக்கிறவங்க வழுக்கி விழுவது இங்கேதான். கீழே இழுக்கும்போது எஃப்1-ம் எஃப்2, எஃப்3 என்று இறங்கிவிடுகிறது. அங்கே விலை ஏது? சி2-க்குத் திரும்பிப் போய், ஃபார்முலாவில் எஃப்1 மேல் கர்சரை வைத்து எஃப்4 பட்டனை அமுக்குங்க. டாலர் குறி விழும். விலை நகராது. மறுபடி இழுத்தால் 30 நாளும் ரெடி. அடுத்த மாதம் விலை ஏறினால் புது ஷீட்டில் அந்த ஒரு கட்டத்தை மட்டும் மாற்றினால் போதும். இது புரிந்துவிட்டால் சம்பளப் பட்டியலும் இதே கதைதான்.

டோட்டலுக்கு சி32-ல் நின்று ஆல்ட் பட்டனையும் = குறியையும் சேர்த்து அமுக்கி, என்டர். அதற்கு முன்னால் சி2 முதல் சி31 வரை எல்லாம் உள்ளே வந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்க. ஹார்வர்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் இருவரே இதில் சறுக்கியவர்கள். நாடுகளின் கடன் பற்றி 2010-ல் அவர்கள் எழுதிய கட்டுரையில், சராசரி போட்டபோது 20 நாடுகளில் 5 நாடுகள் விட்டுப்போயின. 2013-ல் அதைக் கண்டுபிடித்தது ஒரு மாணவர்!

கட்டத்தில் ##### வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் அகலம் பத்தவில்லை, அவ்வளவுதான். மேலே எழுத்துகளுக்கு நடுவில் உள்ள கோட்டை டபுள் கிளிக் செய்யுங்க. 3-4 என்று அடித்தால் தேதியாக மாறும். முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டால் மாறாது.

ஃபில்டர், விலுக்கப், பிவட் எல்லாம் வாரத்துக்கு ஒன்றாகப் பார்த்துக்கலாம். எக்செல் வாங்கக் காசு இல்லையா? லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசம். செல்போனிலேயே பழக கூகுள் ஷீட்ஸ் இருக்கிறது. எதையாவது கெடுத்துவிட்டால் கம்ப்யூட்டரில் கன்ட்ரோல் இசட், செல்போனில் மேலே உள்ள வளைந்த அம்புக்குறி.