கால் எடுக்கச் சொன்னால் முதலில் என்ன கேட்பது?



சர்க்கரை நோயால் காலை இழந்தவர்கள் செயற்கைக் காலுக்கு உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு மனு தருகிறார்கள். உதவுவது நம் கடமை. ஆனால் கால் போகாமல் காப்பது அதைவிட மேல் என்பதால் இதை எழுதுகிறோம்.

சர்க்கரை, புகைப்பழக்கம், ரத்தக் கொதிப்பு ஆகியவற்றால் காலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. தொடக்கத்தில் நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும், நின்றால் குறையும். முற்றினால் படுத்திருக்கும்போதே பாதம் வலிக்கும், புண் ஆறாது, விரல் கறுக்கும். சர்க்கரையால் கால் மரத்தவர்களுக்கு வலியே தெரியாமலும் போகலாம்.

அடைப்பைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, நோயாளியின் காலிலிருந்தே சிரையை எடுத்து மாற்றுப்பாதை அமைக்கும் பைபாஸ். மற்றொன்று, பலூன் அல்லது ஸ்டென்ட். 2022ல் வெளியான பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வில் 1,830 பேர் பங்கேற்றனர். அவர்களில் நல்ல சிரை உள்ளவர்களைத் தனியே பார்த்தபோது, காலிழப்பு, பெரிய மறுசிகிச்சை, மரணம் இவற்றில் ஒன்றைச் சந்தித்தவர்கள் பைபாஸில் 100க்குச் சுமார் 43 பேர், பலூன் முறையில் 57 பேர். ஆனால் முழங்காலுக்குக் கீழே அடைப்பு உள்ள 345 பேரிடம் நடந்து 2023ல் வெளியான பாசில்-2 ஆய்வில், பலூன் முறையை முதலில் செய்தவர்களே கூடுதலாகப் பயனடைந்தனர்.

ஆக, எல்லாருக்கும் ஒரே சிகிச்சை பொருந்தாது. அடைப்பு எங்கே, சிரை எப்படி, உடல்நிலை என்ன என்பதை ரத்தக்குழாய் அறுவை நிபுணர்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்குத் தனித் துறையே உள்ளது.

எனவே காலை எடுக்க வேண்டும் என்று சொன்னால் பதறாமல் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "ரத்த ஓட்டத்தைச் சோதித்தீர்களா? அடைப்பை நீக்க வழி இருக்கிறதா?" சீழ் பரவி உயிருக்கே ஆபத்து என்றால் மட்டும் தாமதிக்காதீர்கள். அப்போது காலை எடுப்பதே உயிரைக் காக்கலாம்.

ஒளூச் செய்யும்போது தினமும் பாதத்தைப் பாருங்கள். விரலிடுக்கில் ஈரம் தங்காமல் துடையுங்கள். வெந்நீரின் சூட்டைக் கையால் பார்த்த பிறகே காலில் ஊற்றுங்கள். புகைப்பவர்கள் இன்றே விடுங்கள். இந்த உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேண அவனே துணை செய்வானாக, ஆமீன்.

– செயலாளர்